ஏரித் தவளையின் ஈரல்: பெரம்பலூர், அரியலூர் நீர்நிலைகள் மாசடைந்த வரலாறு

நீரில் கலக்கும் நஞ்சு எதுவானாலும், அந்த நீரில் வாழும் முதுகெலும்புள்ள உயிரின் உடலுக்குள் புகுந்ததும் பெரும்பாலும் ஈரலைத்தான் சென்றடைகிறது. தவளைக்கு இது விரைவாக நேர்கிறது. அதன் தோலில் செதிலும் இல்லை, மயிரும் இல்லை. தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. தோல் வழியாகவே நீரை உறிஞ்சிக்கொள்கிறது, மூச்சின் ஒரு பகுதியையும் தோல் வழியாகவே வாங்குகிறது. முட்டையாகவும் தலைப்பிரட்டையாகவும் நீரில் இருந்துவிட்டு, வளர்ந்தபின் கரையிலும் வயலிலும் இரை தேடுவதால் நீரின் மாசு, நிலத்தின் மாசு இரண்டுமே அதன் உடலில் சேர்கின்றன. ஒரு வட்டாரத்தின் நீரும் நிலமும் எந்த அளவுக்குக் கெட்டிருக்கின்றன என்பதை அறிய விலங்கியலாளர்கள் தவளையின் ஈரல் திசுவை நாடுவதற்கு இதுவே காரணம்.

பெரம்பலூரும் அரியலூரும் இத்தகைய ஆய்வுக்கு மிகப் பொருத்தமான வட்டாரங்கள். பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் 1995ஆம் ஆண்டு தனி மாவட்டமாகப் பிரிந்தது. அதிலிருந்து 2001இல் பிரிக்கப்பட்ட அரியலூர், 2002இல் மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டு, 2007 நவம்பரில் மறுபடியும் தனி மாவட்டமானது. வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், இடையில் மருதையாறு என அமைந்த இந்த நிலப்பரப்பின் மேற்குப் பகுதி பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் மானாவாரிப் பூமி. கிழக்குப் பகுதி சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமென்ட் ஆலைகளும் நிறைந்த தொழில் வட்டாரம். வேளாண்மையின் மாசும் தொழிலின் மாசும் அடுத்தடுத்த ஏரிகளில் தங்குவதை இங்கே காணலாம்.

கடலாக இருந்த நிலம்

இந்த மாசின் கதை சுண்ணாம்புக்கல்லிலிருந்து தொடங்குகிறது. கிரிட்டேசியஸ் காலத்தில், ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து, கடல் பலமுறை உள்வாங்கியும் முன்னேறியும் இப்பகுதியை மூடியிருந்தது. அந்தக் கடலின் படிவுகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்ற தொகுதிகளாகப் புவியியலாளர்கள் பிரித்திருக்கிறார்கள். 1840களில் கேய், கன்லிஃப் என்ற இரு ஆங்கிலேயர்கள் இங்கிருந்து சேகரித்த சிப்பி, நத்தை, அம்மோனைட் புதைபடிவங்களை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் விவரித்தார். பின்னர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஹென்றி பிளான்ஃபோர்ட் இப்பகுதிப் பாறைகளை வரைபடமாக்கினார். ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா அதன் கடல் உயிர்களைப் பல பெருந்தொகுதிகளில் பதிவு செய்தார். சாத்தனூரில் ஓடைக்குள் கிடக்கும் 18 மீட்டர் நீளக் கல்மரத்தை 1940இல் எம். எஸ். கிருஷ்ணன் அடையாளம் கண்டார்.

அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியின் பெயரைத் தாங்கிய சுண்ணாம்புக்கல் அடுக்கில் கையகலச் சிப்பிகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிக் கிடக்கின்றன. தடித்து வளைந்த ஓடுகொண்ட அச்சிப்பிகளின் சுண்ணாம்புதான் இன்று உடைத்து அள்ளப்பட்டுச் சூளைக்குப் போகிறது. இதே சுண்ணாம்பினால் இங்குள்ள கிணற்று நீரும் ஓடை நீரும் பல இடங்களில் கடின நீராக இருக்கின்றன. தவளையின் உடலில் உலோகம் சேர்வதைப் புரிந்துகொள்ள இந்த உண்மை பின்னர் தேவைப்படும்.

ஏரிகளும் அவற்றின் தவளைகளும்

வற்றாத ஆறு உள்ளூரில் இல்லாததால் இவ்வட்டார மக்கள் மழைநீரைத் தேக்கியே வாழ்ந்தார்கள். 11ஆம் நூற்றாண்டில் முதலாம் இராசேந்திர சோழன் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கியபோது வெட்டிய சோழகங்கம் என்னும் பேரேரி, இன்று பொன்னேரி என்ற பெயரில் அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது. ஊருக்கு ஊர் ஏரி, ஏரிக்கு வரத்து வாய்க்கால், மதகு, மிகுநீர் வழிய கலிங்கு என்று அமைந்த பாசனம் இது. கோடையில் ஏரி வற்றும்போது வண்டல் மண்ணை வண்டிகளில் அள்ளி வயலுக்கு அடிப்பார்கள். ஊர்கூடிச் செய்த குடிமராமத்தால் கரையும் வாய்க்காலும் நிலைத்தன.

பருவ மழையில் நிறைந்து கோடையில் வற்றும் இத்தகைய ஏரிகள் தவளைக்கு ஏற்ற இடங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர் நிறைந்ததும் தவளைகள் முட்டையிட, தலைப்பிரட்டைகள் சில வாரங்களில் உருமாறிக் கரையேறிவிடும். நீர் ஆண்டு முழுவதும் நில்லாத குட்டைகளில் பெரிய மீன்கள் இல்லாததால் தலைப்பிரட்டைகளுக்குப் பகையும் குறைவு. வறண்ட மாதங்களில் பெருந்தவளைகள் ஈரச் சேற்றில் புதைந்து கோடை உறக்கம் கொள்ளும். அப்போது அவை சார்ந்திருப்பது ஈரலில் சேர்த்துவைத்த கிளைக்கோஜனையும் உடலில் உள்ள கொழுப்பையும்தான்.

தமிழ்நாட்டுச் சமவெளி ஏரிகளில் மிகுதியாகக் காணப்படும் பச்சைத் தவளைக்கு அறிவியல் பெயர் யூஃப்ளிக்டிஸ் ஹெக்சாடாக்டைலஸ். பிரெஞ்சு இயற்கையியலாளர் ரெனே லெசன் 1834இல் அதற்குப் பெயரிட்டபோது ஆதாரமாகக் கொண்ட மாதிரி புதுச்சேரியிலிருந்து கிடைத்தது. இதனுடன் மஞ்சள் நிறப் பெருந்தவளையான ஹோப்லோபட்ராகஸ் டைகரினஸ், நீர்ப்பரப்பின் மேல் தத்திச் செல்லும் சிறிய குளத்துத் தவளை, வீட்டுப் பக்கம் வரும் சொறித் தேரை ஆகியவையும் இங்கு வாழ்கின்றன. பச்சைத் தவளைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. மற்ற தவளைகள் பூச்சியும் புழுவும் தின்ன, வளர்ந்த பச்சைத் தவளை நீர்த்தாவரங்களையும் பெருமளவு உண்கிறது. இந்திரனீல் தாஸ் 1990களில் வெளியிட்ட ஆய்வு இதை உறுதிசெய்தது. ஏரி மண்ணில் படிந்த உலோகம் நீர்த்தாவர வேரில் ஏறி, அங்கிருந்து நேராக இத்தவளையின் குடலுக்கும் ஈரலுக்கும் போய்ச் சேர வழி இருக்கிறது. பூச்சி தின்னும் தவளையோ பூச்சிமருந்து பட்ட இரையின் மூலம் நஞ்சைப் பெறுகிறது. ஒரே ஏரியில் வாழும் இரண்டு இனங்களின் ஈரல்கள் இரண்டு வேறு பாதைகளைக் காட்டிவிடும்.

கால்களுக்காகவும் பாடத்துக்காகவும்

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தவளைக்கு முதலில் வந்த பேரிழப்பு மாசால் வந்ததன்று. 1950களில் தொடங்கி, இந்தியாவிலிருந்து உறையவைத்த தவளைக்கால்கள் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் ஏற்றுமதியாயின. கேரளம், தமிழ்நாடு, ஆந்திரம், வங்காளம் ஆகிய இடங்களின் வயல்களிலும் ஏரிக்கரைகளிலும் இரவில் விளக்கொளி காட்டி, கண் கூசி நிற்கும் தவளைகளைச் சாக்கில் பிடித்துப் போட்டார்கள். உச்சத்தைத் தொட்ட 1981இல் மட்டும் 4,368 டன் கால்கள் ஏற்றுமதியாயின. பெருந்தவளையும் பச்சைத் தவளையுமே இதற்குப் பலியான முக்கிய இனங்கள்.

மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஹுமாயூன் அப்துல் அலி 1985இல் இந்த வணிகத்தின் கேட்டைக் கணக்கோடு எடுத்துரைத்தார். வயலில் பூச்சியைத் தின்னும் தவளையை விற்று அந்நியச் செலாவணி ஈட்டிவிட்டு, அதே பூச்சியைக் கொல்ல மருந்துக்குச் செலவழிப்பது நாட்டுக்கு நட்டமே என்பது அப்போது எழுந்த வலுவான வாதம். 1985இல் இவ்விரு இனங்களும் அருகிவரும் உயிரின வணிகத்துக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இடம்பெற்றன. 1987இல் இந்தியா ஏற்றுமதியைத் தடைசெய்தது.

கல்லூரி ஆய்வகங்கள் இன்னொரு தேவையை உண்டாக்கின. விலங்கியல் படித்த பல தலைமுறை மாணவர்கள் மெழுகுத் தட்டில் தவளையைக் குத்திவைத்து வயிற்றைத் திறந்து பார்த்தார்கள். கண்ணில் முதலில் படும் பெரிய உறுப்பு, செங்கபில நிற ஈரல்தான். மடல்களுக்கு இடையே பச்சை நிறப் பித்தப்பை ஒட்டியிருக்கும். அதை வரைந்து பெயர் குறித்துவிட்டு அடுத்த உறுப்புக்குப் போவதே வழக்கமாக இருந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2011இல் வெளியிட்ட வழிகாட்டுதலுக்குப் பிறகு உடலறுப்புப் பாடம் படிப்படியாகக் குறைந்தது. இன்று ஆய்வுக்காகத் தவளையைப் பிடிக்க வனத்துறை அனுமதியும் விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும்.

பூச்சிமருந்து வந்த காலம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மலேரியாவை ஒழிக்க வீட்டுச் சுவர்களில் அடித்த டி.டி.டி.யே இந்தியச் சிற்றூர்கள் கண்ட முதல் செயற்கை நஞ்சுகளில் ஒன்று. 1960களில் பசுமைப் புரட்சியோடு பி.ஹெச்.சி. தூள், என்ட்ரின், ஃபாலிடால் போன்றவை உழவர் வீடுகளுக்குள் வந்தன. கரிசல் மண்ணும் மானாவாரிப் பருத்தியும் கொண்ட பெரம்பலூர்ப் பகுதியில் காய்ப்புழுவும் வெள்ளை ஈயும் பெருகப் பெருக, ‘மருந்து அடிப்பது’ பயிர்த்தொழிலின் கட்டாய வேலையானது. 2002இல் பி.டி. பருத்தி நாட்டில் அனுமதிக்கப்பட்ட பின்னும் சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்காக மருந்தடிப்பு தொடர்ந்தது. 2017ஆம் ஆண்டுப் பருத்திப் பருவத்தில் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் நேர்ந்ததுபோல் பெரம்பலூரிலும் தெளிப்பான் சுமந்து மருந்தடித்தவர்கள் நச்சுக்கு ஆளானார்கள், உயிரிழப்புகளும் நேர்ந்தன. மனிதரையே வீழ்த்தும் அளவுக்கு வயலில் நஞ்சு இருந்தபோது, அதே வயலின் வரப்பிலும் வாய்க்காலிலும் கிடந்த தவளைகள் அதிலிருந்து தப்பியிருக்க வழியில்லை.

இந்த மருந்துகள் இரு வகையாகத் தவளையைத் தாக்குகின்றன. டி.டி.டி., பி.ஹெச்.சி. போன்ற குளோரின் சேர்மங்கள் எளிதில் சிதைவதில்லை. கொழுப்பில் கரைந்து உடலில் தங்கிவிடும். தவளையின் இனப்பெருக்கச் சுரப்பியை ஒட்டி விரல்போல் நீண்டிருக்கும் கொழுப்புத் திரள்களில் அவை சேர்கின்றன. கோடை உறக்கத்திலோ முட்டை வளரும் காலத்திலோ அந்தக் கொழுப்பு கரையும்போது, சேர்ந்திருந்த நஞ்சும் இரத்தத்தில் இறங்கி ஈரலுக்கு வருகிறது. மருந்தடித்து மாதங்கள் கழிந்தபின், பட்டினி நாளில் தவளை நஞ்சுக்கு இலக்காவது இப்படித்தான். இந்தியாவில் டி.டி.டி.யை வேளாண்மையில் பயன்படுத்த 1989இல் தடை வந்தது, பி.ஹெச்.சி. 1997இல் தடைசெய்யப்பட்டது, எண்டோசல்ஃபானை 2011இல் உச்ச நீதிமன்றம் தடுத்தது. ஆனாலும் மண்ணிலும் வண்டலிலும் எச்சம் உடனே மறைவதில்லை. கேரளத்தின் பாலக்காட்டு நெல்வயல்களில் இரு தவளை இனங்களைச் சோதித்து 2014இல் வெளியான ஆய்வு, அவற்றின் உடலில் பூச்சிமருந்து எச்சம் இருந்ததைக் காட்டியது.

மாலத்தியான், மோனோகுரோட்டோபாஸ் போன்ற பாஸ்பரஸ் சேர்மங்கள் விரைவில் சிதைபவை. ஆனால் அவற்றின் நஞ்சு நரம்பைத் தாக்குவது. மாலத்தியானைச் சிதைக்க ஈரல் எடுக்கும் முதல் முயற்சியிலேயே அது மாலாக்சான் என்ற, அதைவிடக் கொடிய பொருளாக மாறுகிறது. அடுத்த கட்டத்தில்தான் அது உடைந்து வெளியேறும். அதற்குள் ஈரல் செல்லும் நரம்பும் சேதத்தைத் தாங்கியாக வேண்டும்.

சிமென்ட் சூளைகள் எழுந்த காலம்

சிமென்ட் தொழில் இவ்வட்டாரத்துக்கு முதலில் வந்தது கல்லக்குடியில். 1939இல் அங்கு டால்மியா ஆலை தொடங்கி, ஊர் டால்மியாபுரம் எனப் பெயர் பெற்றது. 1953 ஜூலையில் ‘கல்லக்குடி’ என்ற பெயரை மீட்கத் திராவிட முன்னேற்றக் கழகம் நடத்திய போராட்டம் தமிழக அரசியலில் நிலைத்த இடம் பெற்றது. தமிழ்நாடு அரசின் சிமென்ட் கழகம் 1979இல் அரியலூரில் ஆலையை இயக்கத் தொடங்கியது. 1990களிலும் அதன் பின்னும் ஆலத்தியூர், கோவிந்தபுரம், ரெட்டிப்பாளையம், தளவாய், கீழப்பழுவூர் என ஊர் ஊராகப் பெரிய தனியார் ஆலைகள் எழுந்தன. அரியலூருக்குச் ‘சிமென்ட் நகரம்’ என்ற பெயர் வந்தது.

அரைத்தால் சிமென்ட் ஆகும் கிளிங்கர் ஒரு டன் செய்ய ஏறத்தாழ ஒன்றரை டன் சுண்ணாம்புக்கல் வேண்டும். கல்லை வெடிவைத்து உடைத்து, அரைத்து, களிமண்ணும் இரும்புத் தாதும் கலந்து, சுழலும் சூளையில் சுமார் 1,450 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் எரிக்கிறார்கள். எரிபொருளான நிலக்கரியிலும் மூலப்பொருளிலும் சிறிதளவு ஈயம், காட்மியம், நிக்கல், துத்தநாகம், குரோமியம் இருக்கும். சூளையின் காரத்தன்மையிலும் வெப்பத்திலும் குரோமியத்தின் ஒரு பகுதி ஆறிணைதிற வடிவத்துக்கு மாறுகிறது. இது நீரில் கரையும், செல்லுக்குள் எளிதில் புகும். மின்புலத் தூசுபிடிப்பானும் பை வடிகட்டியும் புகைக்கூண்டுத் தூசியைப் பெரிதும் தடுக்கின்றன. ஆனால் சுரங்கம், கல் உடைக்கும் இடம், லாரிகள் ஓடும் மண் சாலை ஆகியவற்றிலிருந்து கிளம்பும் தூசி கூண்டு வழியாக வருவதில்லை. காற்றில் பறந்து இலையிலும் ஏரிப்பரப்பிலும் அது படிகிறது. மழை அதைக் கழுவிப் பள்ளத்தில் சேர்க்கிறது.

சிமென்ட் தூசி நீரில் விழுந்தால் அதிலுள்ள சுண்ணாம்பு கால்சியம் ஹைட்ராக்சைடாகி நீரைக் காரமாக்குகிறது. அந்த நீரில் வயலிலிருந்து வடிந்த யூரியாவோ கால்நடைச் சாணமோ கலந்திருந்தால் தீமை இரட்டிக்கும்: அமில நீரில் பெரும்பாலும் தீங்கற்ற அம்மோனியமாக இருக்கும் பொருள், கார நீரில் அம்மோனியாவாக மாறித் தலைப்பிரட்டையின் செவுளைத் தாக்குகிறது. உர மாசும் தூசி மாசும் தனித்தனியாக இருந்தால் செய்யாத கேட்டைச் சேர்ந்திருக்கும்போது செய்துவிடுகின்றன. மறுபுறம், கார நீரில் பல உலோகங்கள் கரைந்திராமல் வண்டலில் இறங்கிவிடும். கடின நீரில் உள்ள கால்சியம், செவுளில் காட்மியமும் செம்பும் நுழையும் வழிகளில் போட்டியிட்டு அவற்றை ஓரளவு தடுக்கிறது. எனவே அரியலூர் நீரில் உள்ள உலோகம் மென்மையான நீரில் இருப்பதைப்போல் உடனே செயல்படாது. ஆனால் வண்டலில் தங்கிய உலோகம், சேற்றில் புதைந்து உறங்கும் தவளைக்கும் அங்கு வேரூன்றிய செடிக்கும் அருகிலேயே இருக்கிறது.

தோண்டி முடித்த சுரங்கங்கள் மழைநீர் நிறைந்த பெருங்குளங்களாகின்றன. செங்குத்தான கரையும் ஆழமும் கொண்ட அவை தவளை முட்டையிட ஏற்ற ஆழமில்லா ஓரங்களை அளிப்பதில்லை. சுரங்கம் வெட்டும்போது நிலத்தடி நீரை இறைத்து வெளியேற்றுவதால் பக்கத்துக் குட்டைகள் முன்னதாகவே வற்றுவதும் உண்டு. வாழிடத்தின் அளவும் நீர் நிற்கும் நாட்களும் குறையும்போது, எஞ்சிய நீரில் மாசின் அடர்த்தி கூடுகிறது.

ஈரல் செய்யும் வேலை

தவளையின் ஈரல் உடலிலேயே பெரிய சுரப்பி. குடலிலிருந்து வரும் இரத்தம் முழுவதும் கல்லீரல் வாயில் சிரை வழியாக முதலில் இதற்குள் நுழைந்துதான் இதயத்துக்குப் போகிறது. இரைப்பொருள் எதைச் சுமந்துவந்தாலும் சோதனைக்கு நிற்பது இங்கேதான். ஈரல் செல்கள் வரிசைகளாக அமைந்திருக்க, வரிசைகளுக்கு இடையே சைனசாய்டு என்னும் நுண்ணிய இரத்தக் குழிகள் ஓடுகின்றன. அக்குழிகளின் சுவரில் நின்று அந்நியப் பொருளை விழுங்கும் செல்களை ஜெர்மன் உடற்கூறியலாளர் கார்ல் வான் குப்ஃபர் 1876இல் விவரித்ததால் அவை குப்ஃபர் செல்கள் எனப்படுகின்றன.

நஞ்சை எதிர்கொள்ள ஈரல் செல்லிடம் மூன்று முக்கிய வழிகள் உண்டு. சைட்டோகுரோம் பி450 நொதிகள் நஞ்சின் மூலக்கூற்றை மாற்றியமைக்கின்றன. குளூட்டத்தையோன் போன்ற பொருள்கள் அந்த மாறிய மூலக்கூற்றோடு ஒட்டிப் பித்தநீரில் வெளியேற வழிசெய்கின்றன. உலோகங்களைப் பிடித்து அடைக்க மெட்டலோதையோனின் என்ற புரதம் இருக்கிறது; குதிரையின் சிறுநீரகத்திலிருந்து 1957இல் முதலில் பிரித்தெடுக்கப்பட்ட இப்புரதம், காட்மியம், துத்தநாகம், செம்பு ஆகியவற்றோடு இறுகப் பிணைந்துகொள்ளும். நஞ்சு மாறும்போது தீவிரமான ஆக்சிஜன் மூலக்கூறுகள் தோன்றுவதால், அவற்றைத் தணிக்கச் சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேசு, கேட்டலேசு என்ற நொதிகள் இயங்குகின்றன. பெண் தவளையின் ஈரல் இவற்றோடு, முட்டையின் மஞ்சள் கருவுக்கான வைட்டெல்லோஜெனின் புரதத்தையும் செய்கிறது. நஞ்சைச் சமாளிப்பதில் ஈரல் களைத்துப்போனால் அடுத்த தலைமுறையின் முட்டைக்கும் ஊட்டம் குறைகிறது.

நுண்ணோக்கியின் கீழ்

ஈரலை வெட்டி எடுத்ததும் ஃபார்மலினிலோ போயின் கரைசலிலோ போட்டு நிலைப்படுத்துவார்கள். பின்பு படிப்படியாக அடர்த்தி கூட்டிய ஆல்கஹாலில் நீரை அகற்றி, சைலீனில் தெளிவாக்கி, மெழுகில் பதித்து, மைக்ரோடோமில் சுமார் 5 மைக்ரோமீட்டர் தடிப்பில் சீவுவார்கள். ஹெமட்டாக்சிலின் சாயம் உட்கருவை நீலமாகவும் ஈயோசின் சைட்டோபிளாசத்தை இளஞ்சிவப்பாகவும் காட்டும்.

நலமுள்ள தவளையின் ஈரலில், பலகோண வடிவச் செல்கள் நெருங்கி அமைந்து, நடுவில் வட்டமான தெளிந்த உட்கரு தெரியும். சைனசாய்டுகள் குறுகிய பாதைகளாக இருக்கும். ஆங்காங்கே கரும்பழுப்புத் திட்டுகள் தென்படும். அவை மெலனோமேக்ரோஃபேஜ்கள் எனப்படும் நிறமிச் செல்கள். மெலனின், இரும்பு கொண்ட ஹீமோசிடெரின், பழுதான செல் சவ்வின் மிச்சமான லிப்போஃபியூசின் ஆகியவை அவற்றில் சேமிக்கப்படுகின்றன.

மாசுக்கு ஆளான தவளையின் ஈரல் வேறு தோற்றம் தரும். முதலில் செல்லுக்குள் வெற்றிடம்போல் குமிழிகள் தோன்றும். கொழுப்பு செரியாமல் தேங்குவதன் அடையாளம் இது. சைனசாய்டுகள் விரிந்து இரத்தம் தேங்கும். வெள்ளணுக்கள் கூட்டமாகத் திசுவுக்குள் புகுந்திருக்கும். நஞ்சு நீடித்தால் உட்கரு சுருங்கிக் கறுத்து, செல் எல்லை கலைந்து, இறந்த செல்கள் திட்டுத்திட்டாகத் தெரியும். நெடுங்காலப் பாதிப்பில் நார்த்திசு வளர்ந்து ஈரல் இறுகுவதும் உண்டு. மெலனோமேக்ரோஃபேஜ் திட்டுகள் எண்ணிக்கையிலும் பரப்பிலும் கூடும். செல் உடைந்தால் ஏ.எல்.டி., ஏ.எஸ்.டி. நொதிகள் இரத்தத்தில் கசியும். சவ்வின் கொழுப்பு ஆக்சிஜனேற்றமடைந்ததற்கு மாலோன்டையால்டிஹைடின் அளவு சான்றாகும். திசுவின் ஒரு பகுதியை அமிலத்தில் கரைத்து அணு உறிஞ்சல் நிறமாலைமானியில் செலுத்தினால் ஈயம், காட்மியம், குரோமியம் எவ்வளவு சேர்ந்திருக்கின்றன என்பதும் தெரிந்துவிடும்.

இவற்றை எடைபோடும்போது பருவத்தை மறக்கக் கூடாது. கோடை உறக்கத்திலிருக்கும் தவளையின் ஈரலில் கிளைக்கோஜன் குறைந்து நிறமித் திட்டுகள் பெருகுவது இயல்பு; வயதும் பட்டினியும்கூட அப்படிச் செய்யும். சித்திரையில் பிடித்த தவளையையும் கார்த்திகையில் பிடித்த தவளையையும் ஒப்பிட்டு ஒரு ஏரி கெட்டது என்று முடிவுகட்டினால் அது பிழையாகிவிடும். ஒரே இனம், ஒரே பால், ஒத்த எடை, ஒரே மாதம் என்று பொருத்தி, ஆலைக்கு அருகிலுள்ள ஏரி, பருத்தி வயலை அடுத்த குட்டை, இரண்டுக்கும் தொலைவிலுள்ள நீர்நிலை ஆகியவற்றிலிருந்து எடுத்தால்தான் ஒப்பீடு நிற்கும். அரியலூர்ப் பாறைகளிலேயே இயற்கையாக உலோகங்கள் இருப்பதால், தொலைவிலுள்ள ஒப்பீட்டு ஏரியும் அதே பாறை வகையில் அமைந்திருக்க வேண்டும்.

உலகமும் இலங்கையும் கண்டவை

தவளைகள் பல நாடுகளில் ஒரே காலத்தில் குறைந்துவருவதை 1989இல் இங்கிலாந்தின் கேன்டர்பரியில் கூடிய முதல் உலக ஊர்வன–இருவாழ்விகள் மாநாட்டில் அறிவியலாளர்கள் உணர்ந்தார்கள். 2004இல் வெளியான முதல் உலகளாவிய மதிப்பீடு, இருவாழ்விகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அழிவின் விளிம்பை நெருங்கியிருப்பதாகக் கூறியது. 2023இல் வந்த இரண்டாம் மதிப்பீட்டில் அது 41 விழுக்காடாக உயர்ந்திருந்தது. வாழிட அழிவு, தோலைத் தாக்கும் பூஞ்சை நோய், பருவநிலை மாற்றம் ஆகியவற்றோடு மாசும் ஒரு காரணம்.

அரியலூர் ஏரிகளில் வாழும் அதே பச்சைத் தவளையைக் கொண்டே இலங்கையில் ஒரு முன்மாதிரி ஆய்வு நடந்தது. கொழும்பை ஒட்டிய பெல்லன்வில–அத்திடிய சதுப்புநிலக் காப்பகத்தில் நகரக் கழிவும் தொழிற்கழிவும் கலக்கின்றன. அங்கு பிடித்த தவளைகளை மாசு குறைந்த ஓர் இடத்துத் தவளைகளோடு ஒப்பிட்டு 2015இல் வெளியிட்ட ஆய்வு, காப்பகத் தவளைகளின் ஈரலிலும் தசையிலும் கன உலோகங்கள் கூடியிருந்ததையும் அவற்றின் நோயெதிர்ப்புச் செல்கள் மாறியிருந்ததையும் காட்டியது. உலோகம் சேர்ந்த தவளை உடனே சாவதில்லை. நோயை எதிர்க்கும் வலிமை குறைந்து, மற்றொரு தாக்குதலுக்கு எளிதில் இரையாகிறது. ஏரியில் செத்த தவளை மிதக்காததால் நீர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது என்பதை இந்த முடிவு நிறுவுகிறது.

சட்டமும் காப்பும்

இந்தியாவில் 1974இல் நீர் மாசுத் தடுப்புச் சட்டமும் 1981இல் காற்று மாசுத் தடுப்புச் சட்டமும் வந்தன. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982இல் அமைந்தது. போபால் பேரழிவுக்குப் பின் 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. இவை ஆலையின் புகைக்கூண்டிலும் கழிவுநீர்க் குழாயிலும் அளவு பார்க்கின்றன. வயலிலிருந்து வடியும் மருந்தும் சாலைத் தூசியும் ஒரே ஏரியில் சேர்ந்து உயிரின் உடலில் என்ன செய்கின்றன என்பதைக் குழாய் முனையில் எடுத்த மாதிரி சொல்லாது.

அரியலூர் மாவட்டத்தின் கரைவெட்டி ஏரி 1990களின் இறுதியில் பறவைகள் காப்பகமானது; ஏறத்தாழ 454 ஹெக்டேர் பரப்புள்ள அந்த ஏரி 2024 ஜனவரியில் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. நீர்க்காகங்களும் நாரைகளும் அங்கு மீனையும் தவளையையும் தலைப்பிரட்டையையும் தின்று வாழ்கின்றன. தவளையின் ஈரலில் சேரும் நஞ்சு அதோடு நிற்பதில்லை. அதைத் தின்னும் பறவைக்கும் பாம்புக்கும் செல்கிறது. அந்த ஏரியின் மீனையும் தண்ணீரையும் நம்பும் மனிதரும் அதே உணவுச் சங்கிலியில் இருக்கிறார்கள்.

தீர்வுகளில் பல வட்டாரத்துக்குப் பழக்கமானவையே. வரத்து வாய்க்காலின் இருபுறமும் மருந்தடிக்காத புல் வரப்பு விடுவது, மழை வரும் அறிகுறி தெரிந்தால் மருந்தடிப்பைத் தள்ளிப்போடுவது, தெளிப்பானை ஏரியிலும் வாய்க்காலிலும் கழுவாமல் இருப்பது ஆகியவை வயலில் செய்யக்கூடியவை. சுரங்கச் சாலைகளில் நீர் தெளித்துத் தூசியை அடக்குவது, லாரிகளுக்குத் தார்ப்பாய் மூடுவது, முடிந்த சுரங்கங்களின் ஓரத்தைச் சாய்வாக்கி ஆழமில்லாத ஈரநிலமாக மாற்றுவது ஆகியவை ஆலைகளின் கடமைகள். வண்டல் அள்ளும்போது, ஆலைக்கு அருகிலுள்ள ஏரிகளின் வண்டலில் உலோக அளவைச் சோதித்தபின் வயலுக்கு அடிப்பது உழவர்க்கு நல்லது.

அளவிடும் வேலையும் இதோடு சேர வேண்டும். இரு மாவட்டக் கல்லூரிகளின் விலங்கியல் துறைகள், ஆண்டுதோறும் ஒரே பருவத்தில் குறிப்பிட்ட சில ஏரிகளில் தவளை ஒலியைக் கணக்கிட்டு, தலைப்பிரட்டைகளைப் பார்த்து, தேவையான அளவு மட்டும் திசுவைச் சோதித்துப் பதிவுசெய்துவந்தால், 10 ஆண்டுகளில் அது ஒரு நம்பத்தக்க ஆவணமாகும். கொல்லாமல் இரத்தத் துளியிலும் தோல் ஒற்றியெடுப்பிலும் செய்யக்கூடிய சோதனைகள் வந்துவிட்டதால், தவளைகளைக் காத்துக்கொண்டே இதைச் செய்ய முடியும். அத்தகைய பதிவு இருந்தால், ஓர் ஆலைக்கோ ஒரு மருந்துக்கோ அனுமதி அளிக்கும்போது அதன் விளைவை ஊகிக்க வேண்டியிராது. ஏரியின் உயிர்களில் கண்ட மாற்றத்தையே முன்வைத்து முடிவெடுக்கலாம்.